கிளட்ச் பிடிக்கவில்லையா, விடவில்லையா? கியர்பாக்ஸைப் பிரிக்கும் முன் செய்ய வேண்டிய சோதனைகள்

வாசகர் கேள்வி: என்னிடம் 2014ஆம் ஆண்டு தயாரான சிறிய பெட்ரோல் கார் இருக்கிறது. செகண்ட் ஹேண்டில் வாங்கியது. இதுவரை 82,000 கி.மீ. ஓடியுள்ளது. பொள்ளாச்சியில் வசிக்கிறேன். பெற்றோர் வால்பாறையில் இருப்பதால் மாதம் இரண்டு முறையாவது மலை ஏறுகிறேன். ஆறு மாதங்களுக்கு முன் ரிவர்ஸ் கியர் போடும்போது கரகரவென்று சத்தம் வந்தது. ஒரு மெக்கானிக் கிளட்ச் கேபிளை டைட் செய்து கொடுத்தார், சத்தம் குறைந்தது. இப்போது ஆழியாறு தாண்டி ஏறும்போது மூன்றாவது கியரில் ஆக்சிலேட்டரை மிதித்தால் இன்ஜின் சத்தம்தான் கூடுகிறது, வேகம் கூடுவதில்லை. கருகிய வாடையும் வருகிறது. ரிவர்ஸ் சத்தம் இன்னமும் அவ்வப்போது கேட்கிறது. இவை தவிர, காலை நேரத்தில் மூன்றிலிருந்து இரண்டாவது கியருக்கு இறக்கும்போது லீவர் தடுக்கிறது. அரை மணி நேரம் ஓடிய பின் சரியாகிவிடுகிறது. ஒர்க்‌ஷாப்பில் கிளட்ச் செட்டை மாற்றுவதோடு கியர்பாக்ஸையும் பிரித்து வேலை செய்ய வேண்டும் என்கிறார்கள். என் மைத்துனரோ கேபிளை இன்னும் கொஞ்சம் டைட் செய்தால் போதும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு, வணக்கம். இருவர் சொல்வதையும் இப்போதைக்குச் செய்ய வேண்டாம். கேபிளை மேலும் டைட் செய்தால் உங்கள் கிளட்ச் விரைவாக அழிந்துவிடும். கியர்பாக்ஸைப் பிரிப்பதற்கோ, நீங்கள் எழுதியுள்ள அறிகுறிகளில் போதிய காரணம் இல்லை. கிளட்ச் செட்டை மாற்ற வேண்டிய தேவை வரலாம். அதையும் சில எளிய சோதனைகளுக்குப் பிறகே முடிவு செய்ய வேண்டும். அவற்றில் பெரும்பாலானவற்றை ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தபடி நீங்களே செய்துவிடலாம்.

உங்கள் கடிதத்தில் மூன்று கோளாறுகள் இருக்கின்றன. மூன்றும் ஒரே வண்டியில் ஒரே காலத்தில் தோன்றியதால் ஒரே காரணத்தில் விளைந்தவை என்று எண்ணத் தோன்றும். ஒர்க்‌ஷாப்பில் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே மதிப்பீட்டில் எழுதிவிடுவதும் இதனால்தான். ஆனால் மலையில் வேகம் கூடாமல் போவது கிளட்ச் சரியாகப் பிடிக்காததால் வருவது. ரிவர்ஸ் கியரில் சத்தம் வருவது பெரும்பாலும் கிளட்ச் முழுதாக விடாததால் வருவது. காலையில் மட்டும் இரண்டாவது கியர் தடுப்பதற்குக் கிளட்சைக் காட்டிலும் கியர் ஆயிலோடுதான் தொடர்பு அதிகம். முதல் இரண்டும் ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவை தாமாகத் தெளிவாகும்.

பெடலில் கால் வைக்காதபோது, இன்ஜினோடு சுழலும் ஃப்ளைவீலுக்கும் அதன்மேல் பூட்டப்பட்டிருக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவே கிளட்ச் பிளேட் இறுக நசுக்கப்பட்டிருக்கும். அந்த இறுக்கத்தைத் தருவது பிரஷர் பிளேட்டில் உள்ள, விரல் விரலாக வெட்டப்பட்ட வட்ட ஸ்பிரிங். பெடலை மிதிக்கும்போது கேபிள் ஒரு ஃபோர்க்கை இழுக்கிறது. ஃபோர்க் ரிலீஸ் பேரிங்கைத் தள்ளுகிறது. பேரிங் அந்த ஸ்பிரிங்கின் விரல்களை அழுத்துகிறது. இறுக்கம் தளர்ந்து, கிளட்ச் பிளேட் தனித்து நிற்கிறது. ஆகவே பெடல் மேலே இருக்கும்போது முழுப் பிடிப்பும், தரையைத் தொடும்போது முழு விடுதலையும் கிடைக்க வேண்டும். இந்த இரண்டு நிலைகளுக்கும் நடுவே எந்த இடத்தில் வேலை நடக்கிறது என்பதைத் தீர்மானிப்பது கேபிளின் நீளம்.

பெடலைக் கையால் மெதுவாக அழுத்திப் பார்த்தால், தொடக்கத்தில் சிறிது தூரம் எந்த எதிர்ப்பும் இன்றி இறங்கும். பிறகுதான் ஸ்பிரிங்கின் எதிர்ப்பு தெரியும். அந்தச் சிறு தூரத்தைத்தான் ஃப்ரீ பிளே என்கிறோம். பல சிறிய கார்களில் இது 10 முதல் 25 மி.மீ. வரை இருக்கும், உங்கள் வண்டிக்கு உரிய அளவு கையேட்டில் இருக்கும், அதையே பின்பற்றுங்கள். இந்த வெற்று அசைவு இருந்தால்தான் ரிலீஸ் பேரிங் ஸ்பிரிங்கைத் தொடாமல் விலகி நிற்கிறது என்று பொருள். அது இல்லாவிட்டால், நீங்கள் பெடலைத் தொடாமலே யாரோ பெடலில் இலேசாகக் கால் வைத்திருப்பது போன்ற நிலை வண்டி ஓடும் நேரம் முழுவதும் நீடிக்கும். பிரஷர் பிளேட்டின் இறுக்கம் குறையும், பிளேட் வழுக்கும், வழுக்கலில் எழும் வெப்பத்தில் லைனிங் (பிளேட்டின் மேல் ஒட்டியுள்ள உராய்வுப் பரப்பு) கருகும். பேரிங்கும் ஓய்வின்றிச் சுழன்று தேயும்.

இதில் பலர் அறியாத ஒரு செய்தி உண்டு. கிளட்ச் பிளேட் தேயத் தேய அது மெலிகிறது. பிரஷர் பிளேட் ஃப்ளைவீலை நோக்கி நகர்கிறது. அப்போது ஸ்பிரிங்கின் விரல் நுனிகள் எதிர்த்திசையில் பேரிங்கை நோக்கி நகர்ந்து வருகின்றன. எனவே கேபிள் கிளட்சில், பிளேட் தேயும்போது ஃப்ரீ பிளே தானாகவே குறைந்துகொண்டு வரும். தேய்ந்த கிளட்சுக்குக் கேபிளைத் தளர்த்த வேண்டுமேயன்றி இறுக்கக் கூடாது. கேபிள் நீண்டுபோய், பெடல் மிகவும் கீழே இறங்கிய பிறகே கிளட்ச் வேலை செய்யும் நிலை வந்தால் மட்டுமே இறுக்குவது சரி.

இனி உங்கள் வண்டியின் வரலாற்றைப் பாருங்கள். ஆறு மாதங்களுக்கு முன் இருந்தது ரிவர்ஸ் சத்தம் மட்டுமே. கேபிள் இறுக்கப்பட்டதும் அது குறைந்தது. அதன் பிறகுதான் மலையில் இழுவை போயிருக்கிறது. ஃப்ரீ பிளே முழுவதும் பறிபோய், அதனால் வழுக்கல் தொடங்கியிருக்கவே வாய்ப்பு அதிகம் என்று நான் கருதுகிறேன். எனவே முதலில் செய்ய வேண்டியது கேபிளைக் கையேட்டில் உள்ள அளவுக்குத் தளர்த்தி வைப்பது. பானட்டைத் திறந்து, கேபிள் கியர்பாக்ஸின் மேலுள்ள லீவரோடு சேரும் இடத்தைப் பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் அங்கே ஒரு அட்ஜஸ்ட் நட் இருக்கும். அளவை வைத்த பின், பெடலை இருபது முப்பது முறை முழுதாக மிதித்துவிட்டு மறுபடியும் அளந்து பாருங்கள். கேபிளின் இழைகள் பிரிந்திருந்தாலோ, உறைக்குள் அது பிசிறி நகர்ந்தாலோ, எவ்வளவு சரி செய்தாலும் அளவு நிற்காது; கேபிளையே மாற்ற வேண்டியதுதான். அது சிறிய செலவு. சில வண்டிகளில் கேபிள் தன் அளவைத் தானே சரிசெய்துகொள்ளும் அமைப்பு இருக்கும்; அவற்றில் நட்டைத் தேட வேண்டாம்.

அளவு சரியானதும் வழுக்கல் இன்னும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதற்கு மலைக்குப் போக வேண்டியதில்லை. போக்குவரத்து இல்லாத நேராகச் செல்லும் சமதளச் சாலையில், நான்காவது கியரில் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் சென்றுகொண்டே ஆக்சிலேட்டரை முழுதாக மிதியுங்கள். கிளட்ச் நலமாக இருந்தால் வண்டி சிறிது தயங்கி, இன்ஜினின் சுற்று எண்ணிக்கையும் வண்டியின் வேகமும் ஒன்றோடொன்று இணைந்து மெதுவாக ஏறும். வழுக்கினால், இன்ஜின் சுற்றைக் காட்டும் டாக்கோமீட்டர் முள் சட்டென்று மேலே தாவும். வேக முள் பின்தங்கும். வண்டியை நிறுத்தி ஹேண்ட் பிரேக் போட்டு மூன்றாவது கியரில் கிளட்சை விட்டுப் பார்க்கும் முறையும் உண்டு. இன்ஜின் உடனே அணைய வேண்டும். அணையாமல் ஓடிக்கொண்டிருந்தால் கிளட்ச் போய்விட்டது என்பது உறுதி. ஆனால் இந்தச் சோதனை கிளட்சைக் கடுமையாகச் சூடாக்கும். ஒரே முறை, ஒரு சில விநாடிகளுக்கு மேல் செய்யக் கூடாது. வண்டிக்கு முன்னாலும் பின்னாலும் யாரும் நிற்கக் கூடாது. சாலைச் சோதனையில் விடை கிடைத்துவிட்டால் இது தேவையே இல்லை.

ஃப்ரீ பிளேயை மீட்ட பின் வழுக்கல் நின்றுவிட்டால், உங்கள் கிளட்சுக்கு இன்னும் ஆயுள் இருக்கிறது. ஆனால் பல மாதங்கள் வழுக்கி ஓடியிருப்பதால் லைனிங்கின் மேற்பரப்பு கருகிக் கண்ணாடிபோல் வழவழப்பாகியிருக்கலாம். அப்படியானால் அளவு சரியாக இருந்தும் மலையேற்றத்தில் மீண்டும் வழுக்கும். அந்நிலையில் கிளட்ச் செட்டை மாற்றுவதைத் தவிர வழியில்லை. மாற்றும் முன், இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தின் அடிப்பகுதியில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்று விளக்கு அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். இன்ஜினின் சுழல்தண்டான கிராங்க் ஷாஃப்டின் பின்பக்க ஆயில் சீல் கசிந்தால் கரிய இன்ஜின் ஆயிலும், கிளட்சிலிருந்து சுழற்சியைக் கியர்பாக்ஸுக்குள் கொண்டுசெல்லும் இன்புட் ஷாஃப்டின் சீல் கசிந்தால் கந்தக வாடை வீசும் கியர் ஆயிலும் கிளட்ச் பிளேட்டை நனைக்கும். நனைந்த பிளேட் வழுக்கும். வண்டியை நகர்த்தும்போது உதறலும் தரும். காரணமான சீலை மாற்றாமல் புது பிளேட் போட்டால் அதுவும் நனையும்.

கருகிய வாடையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஏற்றத்தில் வரும் வாடை பெரும்பாலும் கிளட்சுடையது. இறக்கத்தில் வருவது பிரேக்குடையது. ஏற்றத்திலேயே வந்தாலும், ஹேண்ட் பிரேக் முழுதாக இறங்காமலோ ஏதேனும் ஒரு சக்கரத்தின் பிரேக் ஒட்டிக்கொண்டோ இருந்தால் அதுவும் ஏறத்தாழ இதே வாடையைத் தரும். அடுத்த முறை வாடை வந்தால் வண்டியை ஓரமாக நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுசென்று வெப்பத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். உலோகத்தைத் தொட வேண்டாம். ஒரு சக்கரம் மட்டும் அனல் வீசினால் குற்றவாளி பிரேக்.

அடுத்து ரிவர்ஸ். பல சிறிய கார்களில் முன்னோக்கிச் செல்லும் கியர்களுக்கு இருக்கும் சிங்க்ரோ ரிங், ரிவர்ஸ் கியருக்கு இருப்பதில்லை. சிங்க்ரோ ரிங்கின் வேலை, சேர வேண்டிய இரண்டு பாகங்களின் வேகத்தைச் சமப்படுத்திவிட்டுப் பற்களைச் சேரவிடுவது. அது இல்லாத ரிவர்ஸில், கிளட்சை மிதித்த பிறகும் கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் தன் வேகத்தில் ஓரிரு விநாடிகள் சுழன்றுகொண்டிருக்கும். அந்நேரம் லீவரைத் தள்ளினால் பற்கள் உரசிக் கரகரக்கும். இது கோளாறே அல்ல. வண்டியை முழுதாக நிறுத்தி, கிளட்சை அடிவரை மிதித்து, மூன்று நான்கு விநாடிகள் பொறுத்து ரிவர்ஸ் போட்டுப் பாருங்கள். அல்லது முதலில் ஏதேனும் ஒரு முன் கியரைப் போட்டுவிட்டு, கிளட்சை விடாமலே ரிவர்ஸுக்கு மாற்றுங்கள். முன் கியரின் சிங்க்ரோ, சுழலும் ஷாஃப்டை நிறுத்திவிடும். இவ்விரண்டில் ஒன்றைச் செய்ததும் சத்தம் வராமல் போனால், ஆறு மாதங்களுக்கு முன்பு கேபிளைத் தொட்டிருக்கவே தேவையில்லை.

பொறுத்திருந்தும் சத்தம் வந்தால், பெடலை மிதித்த நிலையிலும் இன்ஜின் இன்புட் ஷாஃப்டைச் சுழற்றிக்கொண்டிருக்கிறது, அதாவது கிளட்ச் முழுதாக விடவில்லை என்று பொருள். அதை உறுதி செய்ய இன்ஜினை அணைத்துவிட்டு ஐந்து கியர்களையும் ரிவர்ஸையும் போட்டுப் பாருங்கள். அணைந்த நிலையில் எல்லாம் இலகுவாக விழுந்து, ஓடும் நிலையில் எல்லாமே கடினமாக இருந்தால் குறை கிளட்சில்தான். அணைந்த நிலையிலும் கடினமாக இருந்தால் கியர் லீவரின் கேபிள், இணைப்புகள் அல்லது கியர்பாக்ஸின் உட்பகுதியைச் சந்தேகிக்க வேண்டும். அணைந்த நிலையில் ஒரு கியர் மட்டும் விழவில்லை என்றால் பதற வேண்டாம். பற்கள் நேருக்கு நேர் நின்றிருக்கும், வண்டியை ஒரு சாண் தள்ளிவிட்டு மறுபடி முயலுங்கள்.

கிளட்ச் முழுதாக விடாததற்கு முதலில் பார்க்க வேண்டிய இடம் பெடலின் அடியில் கிடக்கும் ஃப்ளோர் மேட். சீட் கவரோடு சேர்த்து விற்கப்படும் தடித்த மேட்டை, பழைய மேட்டை எடுக்காமலே அதன்மேல் விரித்துவிடுகிறார்கள். பெடல் அடிவரை இறங்காமல் அந்த மேட்டில் முட்டி நிற்கும். கடைசி ஒன்றிரண்டு சென்டிமீட்டர் இழப்பே ரிவர்ஸ் கரகரப்பதற்குப் போதும். மேட்டை எடுத்துவிட்டுச் சோதியுங்கள். அதற்கடுத்து கேபிளின் நிலை, ஃபோர்க்கின் தேய்மானம், வெப்பத்தில் வளைந்த கிளட்ச் பிளேட், துருவினால் ஷாஃப்டின் மீது நகராமல் ஒட்டிக்கொண்ட பிளேட்டின் நடுப்பகுதி ஆகியவை வரும். கடைசி இரண்டையும் கியர்பாக்ஸை இறக்கினால்தான் பார்க்க முடியும்.

ஒரே கிளட்ச் பிடிக்காமலும் விடாமலும் இருக்க முடியுமா என்று நீங்கள் கேட்கலாம். முடியும். ஃப்ரீ பிளே கையேட்டில் சொன்னபடி சரியாக இருந்து, மேட்டையும் எடுத்துவிட்டு, அதன் பிறகும் மலையில் வழுக்கலும் பொறுத்திருந்து போட்டாலும் ரிவர்ஸில் சத்தமும் இரண்டுமே நீடித்தால், பிளேட் வெப்பத்தில் வளைந்து லைனிங்கும் கருகிவிட்டது என்ற முடிவுக்கு நியாயமாக வரலாம். அப்போது ஒர்க்‌ஷாப்பில் சொன்ன கிளட்ச் செட் சரியான ஆலோசனை.

மூன்றாவது கோளாறு எனக்கு அதிகக் கவலை தரவில்லை. மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது சிங்க்ரோவுக்கு நிறைய வேலை இருக்கிறது. மூன்றாவது கியரில் இன்ஜின் நிமிடத்துக்கு 2,000 சுற்றில் இருக்கிறது என்றால், அதே வேகத்தில் இரண்டாவது கியருக்கு அது ஏறத்தாழ 3,000 சுற்றுக்கு உயர வேண்டும். அந்த வித்தியாசத்தை ஒரு சிறிய பித்தளை வளையம் உராய்வினால் ஈடுகட்டுகிறது. ஆயில் குளிர்ந்து கெட்டியாக இருக்கும்போது, வளையத்துக்கும் அது சேரும் கூம்புக்கும் இடையே உள்ள ஆயில் படலம் விலகத் தாமதமாகும், லீவர் தடுக்கும். ஆயில் சூடாகி இளகியதும் தடை நீங்கும். உங்கள் வண்டியில் நடப்பது இதுவேதான். சிங்க்ரோ தேய்ந்திருந்தால் பொதுவாக வண்டி சூடான பிறகும் தொல்லை தொடரும். தடுப்பதோடு நில்லாமல் கரகரக்கவும் செய்யும். அதுவும் அந்த ஒரு கியரில் மட்டும்.

செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டி என்பதால், முன்பு என்ன கியர் ஆயில் ஊற்றினார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்காது. பல இடங்களில் பீப்பாயில் இருக்கும் கெட்டியான ஆயிலையே எல்லா வண்டிகளுக்கும் ஊற்றிவிடுகிறார்கள். இத்தகைய கார்களின் கியர்பாக்ஸுக்குப் பெரும்பாலும் ஜிஎல்-4 தரத்தில் 75டபிள்யூ-90 (ஆயில் எவ்வளவு கெட்டியானது என்பதைக் காட்டும் எண்) அல்லது அதைவிட மெல்லிய ஆயில் பரிந்துரைக்கப்படுகிறது. ஜிஎல்-5 என்பது அதைவிட உயர்ந்த எண் என்பதால் மேலானது என்று எண்ணி ஊற்றுபவர்கள் உண்டு. அது வேறு வகைக் கியர்களுக்காக அமைந்தது. அதில் கூடுதலாக உள்ள கந்தக வேதிப்பொருள்கள் பித்தளைச் சிங்க்ரோ வளையங்களைப் பாதிக்கக்கூடும். கையேட்டில் ஜிஎல்-4 என்று இருந்தால் அதையே கேட்டு வாங்குங்கள். ஏறத்தாழ இரண்டு லிட்டர் தேவைப்படும்.

ஆயில் மாற்றும்போது அருகில் நின்று பாருங்கள். முதலில் மேலே உள்ள நிரப்பும் போல்ட்டைத் திறக்க முடிகிறதா என்று உறுதி செய்துகொண்டு, அதன் பிறகே கீழே உள்ள போல்ட்டைத் திறக்க வேண்டும். கீழே வடித்துவிட்டு மேலே திறக்க வராமல் போனால் வண்டி அங்கேயே நின்றுவிடும். வடியும் போல்ட்டில் காந்தம் இருந்தால் அதில் மை போன்ற சாம்பல்நிறக் குழம்பு ஒட்டியிருக்கும், 82,000 கி.மீ. ஓடிய வண்டியில் அது இயல்பு. விரலில் நெருடும் இரும்புத் துண்டுகளோ, வெயிலில் மினுங்கும் பித்தளைப் பொடி மிகுதியாகவோ இருந்தால் மட்டுமே கியர்பாக்ஸைப் பிரிக்கும் பேச்சை எடுக்கலாம்.

சந்தேகம் மீதமிருந்தால் இன்னொரு சோதனை இருக்கிறது. மூன்றாவது கியரில் செல்லும்போது கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வாருங்கள். கிளட்சை விட்டு, ஆக்சிலேட்டரைச் சிறிது தட்டி இன்ஜின் சுற்றை உயர்த்துங்கள். மறுபடி கிளட்சை மிதித்து இரண்டாவதைப் போடுங்கள். பழைய லாரி ஓட்டுநர்கள் இரட்டைக் கிளட்ச் என்று சொல்லும் முறை இது. இப்படிச் செய்தால் வண்டி சூடாக இருக்கும்போதும் கியர் வெண்ணெயாக விழுந்து, சாதாரணமாக மாற்றும்போது கரகரத்தால் இரண்டாவது கியரின் சிங்க்ரோ தேய்ந்துவிட்டது என்று அறியலாம்.

நீங்கள் வேறு சத்தம் எதையும் குறிப்பிடவில்லை என்றாலும், ஒர்க்‌ஷாப்பில் கேட்பார்கள் என்பதால் சொல்லிவைக்கிறேன். நியூட்ரலில் நிற்கும்போது பெடலை மிதித்தால் தொடங்கும் கீச்சொலி பெரும்பாலும் ரிலீஸ் பேரிங்கிலிருந்து வருவது. மிதித்தால் அடங்கி, விட்டால் தொடங்கும் இரைச்சல் கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் பேரிங்கைக் காட்டும். குறிப்பிட்ட ஒரு கியரில் ஓடும்போது மட்டும் ஊளையிட்டாலோ, ஆக்சிலேட்டரை விட்டதும் கியர் தானாக நழுவி நியூட்ரலுக்கு வந்தாலோ அது உண்மையான கியர்பாக்ஸ் கோளாறு. ஆனால் இன்ஜினைத் தாங்கும் மவுண்டிங் அறுந்திருந்தாலும் இன்ஜின் முன்னும் பின்னும் ஆடி, கியர் கடினமாவதும் நழுவுவதும் நேரும் என்பதால், அதை முதலில் பார்த்துவிடுவது நல்லது.

ஒர்க்‌ஷாப்பில் இரண்டு தனித்தனி மதிப்பீடுகளை எழுத்தில் கேளுங்கள்: கிளட்ச் வேலைக்கு ஒன்று, கியர்பாக்ஸைப் பிரிக்கும் வேலைக்கு மற்றொன்று. கிளட்ச் மாற்ற எப்படியும் கியர்பாக்ஸை இறக்கத்தான் வேண்டும். ஆனால் இறக்குவது வேறு, பிரிப்பது வேறு. இறக்கி வைத்த நிலையில் இன்புட் ஷாஃப்டைக் கையால் சுழற்றி, ஆட்டிப் பார்த்து, ஒவ்வொரு கியரையும் போட்டுப் பார்க்கலாம். சீராகச் சுழன்று, ஆட்டம் இல்லாமல், ஆயிலும் சுத்தமாக இருந்தால் பிரிக்க வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லுங்கள். நன்றாக இருக்கும் கியர்பாக்ஸைப் பிரித்துப் பூட்டுவதில் புதுக் கோளாறு வருவதற்கும் இடமுண்டு.

கிளட்ச் மாற்றுவது என்று முடிவானால் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். பிளேட்டை மட்டும் மாற்றிக் காசை மிச்சம் பிடித்து, பேரிங் போனதும் மறுபடி கியர்பாக்ஸை இறக்கக் கூலி கொடுப்பதில் பயனில்லை. அதே கூலியில் கிராங்க் ஷாஃப்டின் பின்பக்கச் சீலையும் இன்புட் ஷாஃப்ட் சீலையும் பார்த்துவிடலாம். ஃப்ளைவீலின் முகத்தில் நீலநிறத் திட்டுகளோ நுண்ணிய வெடிப்புகளோ இருந்தால், அதைக் கடைந்து சமப்படுத்துவதா மாற்றுவதா என்று கேளுங்கள். உள்ளே படிந்திருக்கும் கரும்பொடியைக் காற்றடித்து ஊத விடாதீர்கள். பழைய லைனிங்குகளில் கல்நார் கலந்திருக்கக்கூடும், வேலை செய்யும் பிள்ளைகள்தான் அதைச் சுவாசிப்பார்கள். கழற்றிய பாகங்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பிளேட் எப்படித் தேய்ந்திருக்கிறது, எண்ணெயில் நனைந்திருக்கிறதா, கருகியிருக்கிறதா என்பதிலிருந்து அடுத்த கிளட்ச் எத்தனை காலம் உழைக்கும் என்பதை ஊகிக்கலாம்.

இவையெல்லாம் முடியும்வரை வால்பாறைக்குக் காரில் போகாதீர்கள். இதைச் சம்பிரதாயமாகச் சொல்லவில்லை. ஆழியாறிலிருந்து மேலே 40 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஏற்றத்தில் வளைவின் நடுவே கிளட்ச் முற்றிலும் கைவிட்டால் வண்டி நின்ற இடத்தைவிட்டு நகராது. பின்னால் பேருந்து வந்துகொண்டிருக்கும். இறக்கத்தில் ஆபத்து இன்னும் அதிகம். இரண்டாவது கியரில் இறங்கும்போது இன்ஜின்தான் வண்டியின் வேகத்தைப் பிடித்து வைக்கிறது. அந்தப் பிடிப்பு கிளட்ச் வழியாகவே சக்கரங்களுக்கு வர வேண்டும். கிளட்ச் வழுக்கினால் முழுப் பாரமும் பிரேக்கின் மேல் விழும். தொடர்ந்து மிதிக்கப்படும் பிரேக் சூடேறிப் பிடிமானம் இழக்கும். பெற்றோரைப் பார்க்கப் பொள்ளாச்சியிலிருந்து பேருந்து இருக்கிறது. வண்டி சரியாகும்வரை அதிலேயே சென்று வாருங்கள்.

சரியான பிறகு, மலையில் ஓட்டும்போது ஒரு பழக்கத்தை மட்டும் கவனியுங்கள். முன்னால் செல்லும் வண்டிக்காகச் சரிவில் நிற்க நேரும்போது ஹாஃப் கிளட்சிலேயே, அதாவது பெடலைப் பாதி மிதித்தபடியே, வண்டியைத் தாங்கி நிற்க வைப்பது, கிளட்சை எரிக்கும் வழிகளில் முதன்மையானது. ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, நியூட்ரலுக்கு வந்து, கிளட்சிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். கிளம்பும்போது முதல் கியரில் கிளட்ச் பிடிக்கத் தொடங்கி வண்டியின் முன்பக்கம் சற்று எழுவதை உணர்ந்த பிறகு ஹேண்ட் பிரேக்கை இறக்குங்கள். ஓட்டும்போது இடது காலைப் பெடலின் மேலேயே வைத்திருக்கும் வழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள். கேபிளை அளவுக்கு மீறி இறுக்குவதால் வரும் அதே கேட்டை அந்தக் கால் செய்யும்.

கேபிளுக்குப் பதில் ஆயில் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் கிளட்ச் உள்ள வண்டியை வைத்திருக்கும் வாசகர்களுக்கும் ஒரு குறிப்பு. அவற்றில் பெடல் தரையோடு தங்கினாலோ, இரண்டு மூன்று முறை அடித்து மிதித்தால் மட்டும் கியர் விழுந்தாலோ, பெடல் பக்கமுள்ள மாஸ்டர் சிலிண்டர் அல்லது கியர்பாக்ஸ் பக்கமுள்ள ஸ்லேவ் சிலிண்டரில் கசிவோ காற்றோ இருக்கிறது. பல வண்டிகளில் கிளட்சுக்கும் பிரேக்குக்கும் ஒரே ஆயில் டப்பா என்பதால், மட்டம் குறைந்தால் அதைக் கிளட்ச் பிரச்சினையாக மட்டும் பார்க்கக் கூடாது. மூடியில் எழுதியுள்ள டாட் 3 அல்லது டாட் 4 வகைப் பிரேக் ஆயிலையே ஊற்ற வேண்டும்.

உங்கள் வண்டிக்குப் புது கிளட்ச் போட்டால், முதல் சில நூறு கிலோமீட்டர் சமவெளியிலேயே மென்மையாக ஓட்டுங்கள். லைனிங் படிந்த பிறகு ஃப்ரீ பிளேயை மறுபடி அளந்து, தேவையானால் சரி செய்துவிட்டு மலையேறுங்கள்.